சில்லுக்கொத்திக்கு வந்த தீர்ப்பு

சில்லுக்கொத்தி வழக்கின் தீர்ப்பு வெள்ளிக்கிழமை என்று மகள் கோபிகா சொன்னதும், தியாகராசா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனதைப் போன கிழமைப் பகுதியில் பார்த்தோம். அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

அன்றைக்கும் அவர் சாப்பிடவில்லை. தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்தில் இருக்கிற தன் வெல்டிங் கடைக்குப் போய்விட்டார். குணலட்சுமி இடியப்பத் தட்டை மூடி வைத்துவிட்டுப் வாசல் படலையைப் பார்த்தபடி நின்றாள். புருசன் பசியோடு போகிறார் என்பதை விட, அவர் தன்னோடு கோபிக்காமல் போகிறார் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு வருசமாக அவர் அவளோடு கோபித்ததே இல்லை.

சில்லுக்கொத்தி என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. முன்னுக்கு ஒரு பழைய சைக்கிள் சில்லு, பின்னுக்கு வளைந்த மூன்று இரும்புப் பற்கள், பிடித்துத் தள்ள இரண்டு கைபிடி. வெங்காய வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனால் புல் வேரோடு கிளம்பும். இடுப்பு நாரி முறியக் குனிய வேண்டியதில்லை. உடுவில், சுன்னாகம் பக்கத்து வெல்டிங் கடைகளில் பத்துப் பேர் அதைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பல்லை வளைத்தார், மற்றவர் கைபிடியை உயர்த்தினார். யார் முதலில் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வருசம் ஆவணியில் கொழும்பிலிருந்து பத்துக் கடைக்கும் கடிதம் வந்தது. இந்தக் கருவியைக் கண்டுபிடித்தது எங்கள் நிறுவனம், அதற்கு ஆக்க உரிமை எடுத்திருக்கிறோம், இனிமேல் நீங்கள் செய்தால் வழக்கு என்று. கீழே இருந்த கையெழுத்து கேதீஸ்வரனுடையது.

கேதீஸ்வரன் வேறு யாருமில்லை. குணலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன்.

சண்டை வந்து தெல்லிப்பழையை விட்டு எல்லாரும் ஓடிய வருசம் அவளுக்குப் பதின்மூன்று வயது. தகப்பன் இல்லை. தாய் சீக்காளி. அண்ணன்தான் படிப்பை விட்டுவிட்டு லொறியில் மூட்டை ஏற்றி அவளைப் படிப்பித்தார், சமைத்துக் கொடுத்தார், கலியாணமும் செய்து வைத்தார். அவருக்கு எதிராக அவளுக்கு வாய் வராது. அது அவளுடைய குணம் என்று சொல்ல முடியாது. அவள் வளர்ந்த விதம் அப்படி.

கடிதம் வந்த கிழமையே அண்ணன் வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் அடித்த ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். தியாகராசா கையெழுத்து வைத்தால் அவர்மேல் வழக்குப் போகாது, குடும்பத்துக்குள் பிரச்சினை இல்லை என்றார். இரண்டு நாளாகத் தியாகராசா அதில் கையெழுத்து வைக்கவில்லை. மூன்றாம் நாள் குணலட்சுமி அழுதாள். அவர் பேனையை எடுத்தார்.

அந்தக் கடதாசியில் என்ன இருந்தது என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. சில்லுக்கொத்தி கேதீஸ்வரனின் கண்டுபிடிப்பு, நான் அதைப் பார்த்துத்தான் செய்தேன், இனிச் செய்யமாட்டேன் என்று இருந்தது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் கடை வைத்திருக்கிற ஜெயசுதனும் வேறு ஆறு கடைக்காரரும் அந்த ஆக்க உரிமையை எதிர்த்துக் கொழும்பில் வழக்குக்குப் போனபோது, நிறுவனத்தார் முதலில் தூக்கிக் காட்டியது அந்தக் கடதாசியைத்தான். பாருங்கள், செய்கிற ஒருத்தரே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று.

அன்றிலிருந்து மருதனார்மடத்தில் ஒருவரும் தியாகராசாவோடு கதைப்பதில்லை.

மத்தியானம் குணலட்சுமி சோற்றுப் பார்சலைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். சந்தைக்குக் கிட்ட வரும்போது சீனவெடி சரமாக வெடித்தது. ஒரு தட்டி வான் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. புகை கலைந்த பிறகு பார்த்தால், ஜெயசுதனுடைய கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் இனிப்பு ரொபிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக நீட்டிக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் வழக்கை வென்றுவிட்டார்கள் என்று அவளுக்கு விளங்கியது. சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தோற்றது அவளுடைய அண்ணன்.

ரொபிப் பெட்டி தியாகராசாவின் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனது.

அவர் முகமூடியைக் கழற்றாமல் ஒரு இரும்புக் கேற்றுக்கு ஒட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவள் சோற்றைப் பலகையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். அப்போதுதான் உடுவில் கந்தப்பு வந்தார். அறுபது வயது வெங்காயத் தோட்டக்காரர், ஊர்க் கோபதாபம் ஒன்றும் தலையில் ஏறாத மனிசன். தீர்ப்பு வந்திட்டுதாமே, இனி எல்லாரும் செய்யலாமாமே, என்னுடையது பல் உடைந்துபோய்க் கிடக்கிறது, புதிதாக ஒன்று செய்து தா தம்பி என்று கேட்டார்.

தியாகராசா முகமூடியைத் தூக்கினார். "நான் செய்யேலாதண்ணை. மற்றக் கடையிலை கேளுங்கோ."

"அவையள் செய்யலாமெண்டால் நீ ஏன் செய்யேலாது?"

"நான் எழுதிக் குடுத்திட்டன்."

கந்தப்பு ரோட்டைக் கடந்து ஜெயசுதனிடம் போனார். தியாகராசா திரும்பவும் முகமூடியை இறக்கினார். ஆனால் நெருப்பு வரவில்லை. ஒட்டுக்கம்பியைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

கொஞ்சநேரத்தில் ஜெயசுதனே வந்தான். முப்பத்தைந்து வயது. முந்தி இரண்டு கடைக்கும் நடுவே துளைக்கிற மெசினும் ஏணியும் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். இந்த ஒரு வருசத்தில் அவன் இந்த வாசலை மிதித்ததில்லை. வந்தவன் குணலட்சுமியைப் பார்த்து, அக்கா எப்படி இருக்கிறியள் என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள்.

அவன் சொன்ன விசயம் இதுதான். கோர்ட் ஆக்க உரிமையை ரத்துச் செய்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. தியாகராசா வைத்த கையெழுத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறதாம். ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம், வீட்டுக்குள் வைத்து, சட்டத்தரணி ஒருவரும் இல்லாமல் வாங்கிய கையெழுத்து. அதை இந்த நீதிமன்றம் கணக்கில் எடுக்காது என்று.

"நாங்கள்தான் உங்களைப் பிழையா நினைச்சிட்டம் அண்ணை" என்றான். "விளங்காமல் வைச்சனீங்கள் எண்டு அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

தியாகராசா முகமூடியைக் கழற்றிப் பலகையில் வைத்தார்.

ஜெயசுதன் இன்னொன்றும் சொன்னான். நிறுவனத்தார் மேல்முறையீட்டுக்குப் போவார்கள் என்று தங்கள் சட்டத்தரணி எதிர்பார்க்கிறார். அங்கே அந்தக் கடதாசியைத் திரும்பவும் தூக்குவார்கள். அதற்கு முந்தித் தியாகராசா நீதிமன்றத்துக்கு ஒரு சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்துவிட்டால் பயமில்லை.

"விளங்காமல்தான் வைச்சன் எண்டு ஒரு வரி. அது காணும் அண்ணை, வேறொண்டும் வேண்டாம்."

"இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார் தியாகராசா.

சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது குணலட்சுமிக்கு உடம்பில் பாரமே இல்லாததுபோல் இருந்தது. ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் புருசனுடைய தலை நிமிர்ந்துவிடும். அண்ணன்? அண்ணன் பெரிய ஆள், தாங்கிக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஞ்சநேயர் கோயில் வாசலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.

பின்னேரம் கோபிகா வேலை செய்கிற கந்தோரிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். இருபத்திநாலு வயது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தீர்ப்பின் பிரதி அவளுடைய போனுக்கு வந்திருந்தது. தியாகராசாவும் அன்றைக்குக் கடையை நாலு மணிக்கே பூட்டிவிட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். சேர்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ரை பேர் அதிலை கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. கன இடத்திலை."

அவள் ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். தோட்டங்களில் வருசக் கணக்காகப் புழங்கிவந்த ஒரு கருவியில் ஒரு ஆணியை இடம் மாற்றிவிட்டு அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. வழக்காட வசதியில்லாத சிறிய தொழிலாளர்களைப் பயப்படுத்துவதற்கு ஆக்க உரிமையைப் பாவிப்பது சட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்வது. குணலட்சுமி குசினிக் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். 'துஷ்பிரயோகம்' என்ற இடத்தில் அண்ணனின் முகம் வந்து நின்றது.

பிறகு தியாகராசாவைப் பற்றிய பந்தி வந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். கடதாசியின் பொருளை விளங்கிக்கொள்ளக்கூடிய நிலையில் இல்லாதவர். மனைவியின் சகோதரனுக்குக் கட்டுப்பட்டவர்.

"அதைத் திருப்பிச் சொல்லு" என்றார்.

அவள் திருப்பிச் சொன்னாள். அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. தகப்பன் பக்கம் நியாயம் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று மகள் நினைத்தாள். அவருக்கோ நாலு பேருக்கு முன்னால் வைத்துத் தன்னை மடையன் என்று சொன்னதுபோல் இருந்தது.

கோபிகா இன்னொரு கெட்ட செய்தியையும் மறைக்கவில்லை. ஜெயசுதனுடைய சட்டத்தரணியோடு அவள் போனில் கதைத்திருந்தாள். ஆக்க உரிமை போனது எல்லாருக்கும்தான். ஆனால் இனிச் செய்யமாட்டேன் என்று அப்பா எழுதிக் கொடுத்தது தனி ஒப்பந்தம். அப்பா இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர் இல்லை. அதைக் காட்டி நிறுவனத்தார் வந்தால் என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது. வேறு வழக்குப் போட்டு அதை உடைக்கும்வரைக்கும் தொடாமல் இருப்பதுதான் நல்லது என்றாராம். அதை உடைப்பதற்கும் அதே ஒரு வரிதான் வழி. விளங்காமல் வைத்தேன்.

"அப்ப ஜெயசுதன் கேட்ட மாதிரி எழுதிக் குடுங்கோ அப்பா. ரண்டுக்கும் உதவும்."

தியாகராசா வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் விளங்காமல் வைக்கேல்லைப் பிள்ளை. விளங்கித்தான் வைச்சனான்."

கோபிகா போனை மடியில் வைத்தாள்.

கையெழுத்து வைத்ததற்கு முதல்நாள் அந்தக் கடதாசியைச் சேர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு சுன்னாகத்தில் தனக்குத் தெரிந்த ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோனாராம். அவர் ஒரு எழுத்து விடாமல் தமிழில் வாசித்துக் காட்டினாராம். வைக்காதை தியாகு, இது மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகும் என்றும் சொன்னாராம்.

"பிறகு ஏனப்பா வைச்சனீங்கள்?"

அவர் மனைவியைத்தான் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"நீர் கேட்டனீர். வைச்சன்."

குணலட்சுமி நிலையைப் பிடித்துக்கொண்டாள். கடதாசியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் அவர் வைத்தார் என்று அவள் இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். தெரியாமல் செய்வித்த பாவம் ஒரு அளவுக்குச் சின்னது. இது அப்படியில்லை. கூட்டாளிகள், மரியாதை, கைவேலை எல்லாம் போகும் என்று தெரிந்து, அவள் அழுத அழுகைக்காக அவர் பேனையை எடுத்திருக்கிறார்.

கோபிகாதான் முதலில் வாய் திறந்தாள். அப்படியென்றால் அம்மா அழுது வற்புறுத்தினவ என்று எழுதலாமே, அதுவும் சட்டத்தில் செல்லும்போல என்றாள். சொன்ன பிறகுதான் தாயின் முகத்தைப் பார்த்தாள். தியாகராசா எழும்பினார்.

"உன்ரை அம்மாவைக் கோட்டிலை ஏத்த நான் கலியாணம் கட்டேல்லை" என்றார். "பொய்ச் சத்தியமும் பண்ணமாட்டன். விடு." துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

வாளி கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது. அதே நேரம் படலைக்கு வெளியே கார் வந்து நின்றது.

கேதீஸ்வரன் தனியாகத்தான் வந்திருந்தார். எப்போதும் மடிப்புக் கலையாத சேர்ட், அன்றைக்கு முதுகில் ஒட்டிக்கிடந்தது. மருமகளின் தலையைத் தடவினார். கதிரையில் இருந்தார். குணலட்சுமி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். காலமையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்.

அவள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. கொழும்பில் இருக்கிற நிறுவனப் பங்காளிகளைப் பற்றிச் சொன்னார். கடிதங்களை அனுப்பு, பயப்படுத்து என்று நின்றது அவர்களாம். தீர்ப்பு வந்தவுடன் ஒருவரும் போனை எடுக்கவில்லையாம்.

"குணம் தங்கச்சி, பங்காளியளுக்கை தீர்ப்பிலை கிடக்கிறது என்ரை பேர் மட்டும். ஏழையளைப் பயப்பிடுத்தினவன் எண்டு எழுதியிருக்கினம். மூட்டை தூக்கின என்னை."

அவளுக்கு அழுகை வந்தது. மற்றக் கடைக்காரருக்கு அவர் செய்தது அநியாயம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், மாவிட்டபுரம் தாண்டித் தன்னைச் சைக்கிள் பாரில் வைத்து உழக்கிக்கொண்டு வந்த இருபது வயதுப் பொடியனைத்தான் கண் முன்னால் கண்டாள். ஒரு ஆள் இரண்டு ஆளாக இருக்கும்போது எந்த ஆளோடு கோபிப்பது?

"தியாகுவை நான் வெருட்டிக் கையெழுத்து வாங்கினனான் எண்டும் எழுதியிருக்கினம்" என்றார். "நீ சொல்லு. நான் வெருட்டினனானோ?"

குணலட்சுமி யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த முகத்துக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைவில்லை.

"இல்லை அண்ணை. நீங்கள் கடதாசியைத் தந்திட்டுப் போனனீங்கள். நான்தான் அவரைக் கெஞ்சினனான். அவரும் எல்லாம் விளங்கித்தான் வைச்சவர். ஆரோ ஒராளின்ரை கடையிலை வாசிப்பிச்சும் பாத்தவர்."

"அம்மா" என்றாள் கோபிகா. அவ்வளவுதான். ஆனால் சொல் வெளியே போய்விட்டது.

கேதீஸ்வரன் நிமிர்ந்து இருந்தார். முகத்தில் இருந்த களைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "வாசிப்பிச்சவரோ?" என்று கேட்டார். "எந்தக் கடையிலை?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவாயில்லை. நீ இப்ப சொன்னதே காணும்." அவர் குரல் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. "இதை ஒரு சத்தியக்கடதாசியாத் தா குணம். தமிழிலையே எழுதுவம். உண்மையைத்தானே சொல்லப்போறாய்? தியாகுவை நான் கரைச்சல் படுத்தமாட்டன். அவர் தேவையில்லை. நீ காணும். திங்கட்கிழமை அப்பீல் விசயமாக் கொழும்புக்குப் போறன். அதுக்கு முந்தி வேணும்."

மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அண்ணன் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்து வாயில் வைத்தார். காலமையிலிருந்து சாப்பிடாத மனிசன். மாட்டேன் என்பதை விட்டுவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள்.

தியாகராசா கிணற்றடியிலிருந்து எப்போது வந்தார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவே இருந்த கதவடியில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவைக் கேட்டார்? நின்ற நிலையைப் பார்த்தால், எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"வாங்கோ மச்சான்" என்றார் கேதீஸ்வரனைப் பார்த்து. "சாப்பிடுங்கோ."

பிறகு உள்ளே போனார். அலுமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கோயிலுக்குப் போகும்போது போடுகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டிருந்தார்.

"பிள்ளை, ஜெயசுதன்ரை வீட்டை ஒருக்காப் போயிட்டு வருவம். நீயும் வா. அந்தத் தீர்ப்பு இருக்கிற போனையும் எடு."

கோபிகா தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். மோட்டார் சைக்கிள் முற்றத்தில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பியபோது குணலட்சுமி படிவரைக்கும் ஓடினாள். இஞ்சருங்கோ என்று கூப்பிட்டாள். அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவர் திரும்பவில்லை.

பொய்ச் சத்தியம் பண்ணமாட்டேன் என்று சொன்ன மனிசன் அவள் உளறிவிட்டதைச் சரிக்கட்ட, விளங்காமல் வைத்தேன் என்று ஒரு பொய்யை எழுதிக் கொடுக்கப் போகிறாரா? இல்லை, விளங்கித்தான் கையெழுத்து வைத்தேன் என்று ஜெயசுதனுடைய முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் இழக்கப் போகிறாரா? இருபத்தாறு வருசம் ஒன்றாகச் சீவித்தவள். அவர் ஒரு சொல்லைச் சொல்லுவதற்கு முந்தி அதைச் சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவளால் முடியவில்லை.

"தியாகு அங்கை என்னத்துக்குப் போறார்?" என்று பின்னாலிருந்து அண்ணன் கேட்டார்.

தெரியாது என்று அவள் சொன்னாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்ததில் ஒருவருக்கும் கெடுதல் செய்யாத சொல் அது ஒன்றுதான்.